9.4-இலேயே நின்ற நெட்: அப்பாவின் பழைய கணினியோடு ஒரு மாதம்

அப்பாவின் மேசைக் கணினி 2009-இல் வாங்கியது. கோர் 2 டுயோ, 4 ஜிபி ரேம், நடுவில் நான் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு வந்ததும் என் போனில் வைஃபையிலேயே 90-க்கு மேல் காட்டுகிறது, அப்பாவின் கணினியில், அதுவும் கேபிள் செருகியிருக்கும்போது, 9.4. இணைப்பு கொடுத்த இடத்திலிருந்து ஒருவர் வந்தார், ரூட்டரை அணைத்துப் போட்டார், "சிஸ்டம் பழசு சார், புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் வேறொருவர் வந்தார், அதே பதில். அப்பாவும் நம்பிவிட்டார்.

எனக்கு உறுத்தியது அந்த எண்தான். காலையில் 9.4, ராத்திரி பத்து மணிக்கு 9.4, ஞாயிற்றுக்கிழமையும் 9.4. லைனில் நெரிசல் என்றால் ஏறி இறங்க வேண்டாமா? அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் நடுவில் எங்கோ யாரோ மூடி போட்டிருக்கிறார்கள். நெட்வொர்க் இணைப்பின் ஸ்டேட்டஸ் ஜன்னலைத் திறந்தால் ஸ்பீட் என்ற வரியில் 10.0 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள பாதையே 10-தான். அதில் டேட்டாவோடு கூடவே போகும் முகவரி மாதிரியான தலைப்புத் தகவல் எல்லாம் கழித்தால் கைக்கு வருவது ஒன்பதரைக்குள்தான், 100 பாதையில் அதுவே 94 பக்கம் வரும்.

மூடி போட்டது யார் என்று தேடினால், நான்தான். 2016-இல் டெலிபோன் லைன் பிராட்பேண்ட் இருந்தபோது இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது, எங்கேயோ படித்துவிட்டு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் 'ஸ்பீட் அண்ட் டுப்ளெக்ஸ்' என்பதை 10 எம்பிபிஎஸ் என்று மாற்றினேன். அறுவது நின்றது. அப்போது பிளானே 2 எம்பிபிஎஸ், 10 தாராளம். அதோடு மறந்தாச்சு.

சரி, ஆட்டோ நெகோஷியேஷனுக்கு மாற்றினேன், அதாவது கணினியும் ரூட்டரும் தாங்களே பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ளும். 94 வந்தது, ஐந்து நிமிடத்தில் அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது. அப்போதுதான் உறைத்தது, 2016-லும் கேபிள்தான் கோளாறு, நான் வேகத்தைக் குறைத்து அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஹாலிலிருந்து அப்பாவின் அறைக்கு ஜன்னல் சட்டம் வழியாகக் கேபிள் போகிறது, ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் நசுங்கி நசுங்கி அந்த இடம் தட்டையாகவே ஆகிவிட்டது. 10-க்கு அனுப்பும் சிக்னல் மெதுவானது, காயம்பட்ட கம்பியிலும் தாக்குப்பிடிக்கும், 100-க்கு முடியாது. 15 மீட்டர் கேட் 6 கேபிள் வாங்கி இந்த முறை கதவுக்கு மேலே ஆணி அடித்துக் கொண்டுபோனேன். மூன்று வாரமாக 94.

வந்தவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வேகம் 94 ஆன பிறகும் அப்பா பார்க்கும் யூடியூப் கச்சேரி வீடியோ 1080-இல் திக்கியது. வீடியோ மேல் வலது க்ளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' போட்டால் கோடெக் (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறை) விபி9, நழுவிய ஃப்ரேம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் பஃபர், அதாவது முன்கூட்டியே இறங்கிய வீடியோ, நிறைய இருக்கிறது. அதாவது நெட் கொண்டுவந்து கொட்டுகிறது, பாவம் அந்தக் கிழட்டு பிராசஸரால் பிரித்துப் போட முடியவில்லை. எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டதும் யூடியூப் எச்.264 என்ற பழைய கோடெக்கில் அனுப்ப ஆரம்பித்தது, 720-இல் வைத்தால் ஒரு திக்கல் கிடையாது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரே எண்ணில் நின்றிருக்கிறதா?

—

எனக்கு 21-இல் நின்றது, அண்ணா. பழைய லேப்டாப், வைஃபை 'என்' (802.11n) வகை கார்டு, ஆனால் விண்டோஸில் இணைப்பு வேகம் 54-ஐத் தாண்டவே இல்லை. 54 என்பது அதற்கு முந்தைய 'ஜி' (802.11g) வகையின் உச்சம், கைக்கு வருவது இருபது சொச்சம்தான். கார்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ, டிகேஐபி என்ற பழைய வகைப் பூட்டு இருந்தது. 'என்' வகைக்கு அந்தப் பழைய பூட்டு ஆகாது, அதைப் போட்டால் 54-க்கு இறங்கிவிடும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற புதிய பூட்டுக்கு மாற்றினேன், இணைப்பு 144, சோதனையில் அறுபதுக்கு மேல். ஆனால் எங்கள் பழைய பிரிண்டர் அன்றோடு வைஃபையை விட்டது. அதற்காகத்தான் யாரோ டிகேஐபி வைத்திருக்கிறார்கள் போல! இப்போது யூஎஸ்பி கேபிளில் அச்சடிக்கிறேன், பரவாயில்லை.

—

என்னுடையது நேர் எதிர், எண் நிற்கவே நிற்காது. கணினியைப் போட்டதும் அரை மணி நேரம் 4, 7, 3 என்று தள்ளாடும், அப்புறம் தானாக 80. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம். மனைவி வாரத்துக்கு ஒரு நாள்தான் கணினியைத் திறப்பார், ஒரு வார அப்டேட்டும் ஆன்டிவைரஸும் அந்த அரை மணியில்தான் பாய்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், இப்போது அந்தக் கூத்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, சொல்ல வெட்கம்தான். டவுன்லோடில் 11 என்று காட்டுகிறதே என்று கஸ்டமர் கேருக்கு மூன்று தடவை போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அது மெகாபிட் இல்லை, மெகாபைட். ஒரு பைட் என்றால் எட்டு பிட். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5, அதில் 11 வந்தால் சரியாகத்தான் வருகிறது. அந்தப் பெண் பொறுமையாக இருந்தார்.

—

சார், அந்த டுப்ளெக்ஸ் எங்கே இருக்கிறது? எனக்கும் 9 சொச்சத்திலேயே நிற்கிறது.

—

டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் கார்டின் மேல் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட். மாற்றும் முன் பழைய நிலையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்காமல் போனதுதான் இவ்வளவு அலைச்சல். அங்கே ஏற்கனவே ஆட்டோ என்று இருந்தால் நேராகக் கேபிளைப் பாருங்கள், வேறொரு சின்னக் கேபிளைக் கடன் வாங்கி ரூட்டர் பக்கத்திலேயே கணினியை வைத்துச் சோதித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் பழைய கேபிளை அப்பா தூக்கிப் போட விடவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருக்கிறார்.