புதுப்பிப்பு: காலி கெக்கில் 5 முறை கேஸ் ஏற்றி இறக்குவது போதாது

பீரைக் கெடுக்கும் ஆக்சிஜனை வெளியேற்ற, காலி ஸ்டீல் கெக்கில் (பீர் நிரப்பிவைக்கும் மூடிய கலன்) 30 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கார்பன் டை ஆக்சைடை 5 முறை ஏற்றி இறக்கினால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். தப்புக் கணக்கு. ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். 21 சதவீதத்தில் தொடங்கினால் 5 முறைக்குப் பிறகும் சுமார் 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) மிச்சம். 10 முறை செய்தால் 3 பிபிஎம்தான், ஆனால் 19 லிட்டர் கெக்குக்கு ஏறக்குறைய 700 கிராம் கேஸ் காலி.

அதைவிட, கெக்கை சானிடைசர் (கிருமிநீக்கி) கரைசலால் முழுக்க நிரப்பி, 5 பிஎஸ்ஐ கேஸால் தள்ளி வெளியேற்றுங்கள். 50 கிராமுக்குள் முடியும்.

சொதப்புவது மூடிக்கு அடியில்தான். கேஸ் குழாய் ஓர் அங்குலம் உள்ளே இறங்கியிருந்தால் அதற்கு மேலே காற்று சிக்கிக்கொள்ளும். அரை லிட்டர் தங்கினாலே, காலியான கெக்கில் 4,000 பிபிஎம்முக்கு மேல்! குழாயைக் குட்டையாக வெட்டுங்கள். கேஸ் முனை உச்சியில் வரும்படி கெக்கைச் சாய்த்து, திரவ முனை (பீர் வெளியே வரும் முனை) வழியாக நிரப்புங்கள். கேஸ் முனையில் வெறும் நுரை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், குமிழியில்லாத கரைசல் வரவேண்டும். கடைசியில் 30 பிஎஸ்ஐ-யில் நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் மிச்சமும் போய்விடும்.

கனமான கேஸ் போர்வைபோல் அடியில் படுத்துக் காக்கும் என்று சிலர் சொன்னார்கள். காக்காது, காற்றோடு கலந்துவிடும். வெளியேறும் கேஸ் அறையில் சேராமலிருக்க, ஜன்னலைத் திறந்துவைத்தே செய்யுங்கள்.