வெயிட்டான ஆளுக்கு செகண்ட் ஹேண்ட் மண்ரோடு வண்டி, எது எடுக்கலாம்? அவசரம்

எஸ்டேட்_சின்னவன்:
அண்ணன்மாரே ஒரு ஹெல்ப். மண்ரோட்டுக்கு பழைய வண்டி ஒண்ணு எடுக்கணும், நான் கொஞ்சம் வெயிட்டான ஆளு, ஃப்ரெண்டு வண்டில போனா ஒவ்வொரு குழிக்கும் பின்னாடி டங்குனு அடிச்சு இடுப்பு கழண்டுருது. நாளைக்கு ஒரு ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் பாக்கப் போறேன், ஓனர் இப்பவே அட்வான்ஸ் போடச் சொல்றாரு. எடுக்கலாமா வேணாமா?

கிக்கர்_பாய்:
கொஞ்சம் வெயிட்னா 85ஆ 120ஆ ப்ரோ? உயரம்? பட்ஜெட்? எக்ஸ்பல்ஸ்லயே 2 வால்வு இஞ்சினா 4 வால்வா, எந்த வருசம்? வண்டிய பாக்காம பத்து பைசா போடாதீங்க.

411_வெறியன்:
இதுல யோசிக்க என்ன இருக்கு, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. 24.5 குதிரை, 32 என்எம் டார்க், சீட் 800 மிமீதான், எவ்ளோ வெயிட் ஏறுனாலும் அசையாது.

கிக்கர்_பாய்:
புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 ஹிமாலயன் 199 கிலோ தல. சேத்துல சாஞ்சா தூக்க நீங்க வருவீங்களா? எக்ஸ்பல்ஸ் 160 கிலோவுக்குள்ள.

ஆர்எக்ஸ்_ராசா:
ஒரு நல்ல யமஹா ஆர்எக்ஸ் 100 தேடிப் புடிங்க, எங்க மாமா அதுல மூணு பேரோட மலை ஏறுவாரு

பழைய_ஸ்பானர்:
இதே கேள்விக்கு ஏற்கெனவே விலாவாரியா எழுதியிருக்கேன், தேடிப் படிக்கிற பழக்கம் இப்ப யாருக்கு இருக்கு. சிசி, குதிரைன்னு பேசுறவங்க வண்டிக்கு அடியில படுத்து பாத்ததில்லன்னு தெரியுது. டங்குனு அடிக்குதுன்னா இஞ்சின் பிரச்சனையா அது? ஸ்பிரிங்கு தம்பி ஸ்பிரிங்கு. கேள்வி கேட்டவரு வெயிட்டையே சொல்லல, இவங்க அதுக்குள்ள வண்டியே புக் பண்ணிட்டாங்க.

ஆக்ஸல்_நட்:
ஸ்பானர் அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எப்படி பாக்கணும்னும் சொல்லிட்டா புண்ணியமாப் போகும். நானே சொல்றேன். நாளைக்கு போறப்ப இஞ்சி டேப்பு ஒண்ணு, கூட ஒரு ஆள். வண்டிய தூக்கி பின்சக்கரம் தொங்குறப்ப ஆக்ஸில்ல இருந்து நேரா மேல சீட்டுக்குக் கீழ ஏதாவது ஒரு போல்ட்டுக்கு அளங்க. அப்புறம் ஹெல்மெட், ஷூ, பைனு எப்பவும் போறபடியே ஏறி உக்காந்து, கூட வந்தவர அதே இடத்துல அளக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் மொத்த டிராவல்ல, அதாவது சக்கரம் மேல கீழ போற தூரத்துல, முப்பது பர்சன்ட் பக்கம் இருக்கணும். ஸ்டாக் எக்ஸ்பல்ஸ்ல பின்னாடி 170, 411ல 180, ஆக 50லேர்ந்து 55 மிமீ. அதுக்கு மேல இறங்குனா பிரீலோட, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அட்ஜஸ்டர, முடுக்கிப் பாருங்க. கடைசி வரைக்கும் முடுக்கியும் 65, 70ல நின்னா அந்த ஸ்பிரிங் உங்களுக்கு பத்தாது, முடுக்குறதுனால ஸ்பிரிங் ஒண்ணும் கெட்டியாகாது, வண்டி உசந்து நிக்கும் அவ்ளோதான். கெட்டி ஸ்பிரிங் மாத்துற காச விலையில கழிச்சுப் பேசுங்க.

கிக்கர்_பாய்:
+1. முன்சக்கரத்தத் தாங்குற ஃபோர்க்குக்கும் அதேதான். கெட்டி ஆயில் ஊத்துனா சரியாயிரும்னு சொல்வாங்க, அது மேல கீழ போற வேகத்தத்தான் குறைக்கும், வெயிட்ட தாங்காது.

எஸ்டேட்_சின்னவன்:
சாரி வேலையா போயிட்டேன். 108 கிலோ, 5 அடி 10. திண்டுக்கல். தாண்டிக்குடி பக்கம் சித்தப்பா காப்பித் தோட்டத்துக்கு போக வர, சில நாள் பின்னாடி மிளகு மூட்டையும் இருக்கும். வண்டி 2019 எக்ஸ்பல்ஸ்

பழைய_ஸ்பானர்:
மூட்டைய இப்பதான் சொல்றாரு பாருங்க.

ஆர்எக்ஸ்_ராசா:
2019ன்னா கார்பரேட்டரா எஃப்ஐயா (கம்ப்யூட்டர் பாத்து பெட்ரோல் ஊத்துறது)? கார்ப்னா கண்ண மூடிட்டு எடுங்க, காட்டுல நின்னா ஸ்க்ரூ டிரைவர் போதும்

411_வெறியன்:
தாண்டிக்குடி ஏத்தத்துல பனில கார்ப் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க தெரியும். எஃப்ஐ உயரத்துக்கு தானா அட்ஜஸ்ட் ஆகும்.

ஆர்எக்ஸ்_ராசா:
ஃப்யூயல் பம்ப் போனா தோட்டத்துலேர்ந்து லாரில ஏத்திட்டு வாங்க அப்ப பாப்போம்

411_வெறியன்:
ஆர்எக்ஸ்ஸோட 2-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு 2டி ஆயில் சுமக்குறவரு லாரியப் பத்தி பேசுறாரு

ஆக்ஸல்_நட்:
ஏங்க அவரு நாளைக்கு வண்டி பாக்கணும். சின்னவரே, ஓனர்கிட்ட முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிருங்க, போனதும் இஞ்சின தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாருன்னு அர்த்தம். பின்சக்கரத்தப் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, ஆடுனா பின்சக்கரத்தத் தாங்குற ஸ்விங்ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ போயிருக்கு. ஸ்போக்க ஒண்ணொண்ணா ஸ்பானரால தட்டுங்க, டொக்குனு சத்தம் வர்றது லூசு. ஃபுட்ரெஸ்ட் வெல்டிங்ல மறு பத்த வச்ச தடம் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, வெயிட்டான ஆளு நின்னு ஓட்டுறப்ப மொத்த பாரமும் அங்கதான். ஆர்சில ஹெச்பி, அதாவது லோன் அடமானப் பதிவு, இருந்தா பேங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லங்குற கடிதம்) அடமானம் நீக்குற ஃபார்ம் 35ம் கைக்கு வராம, பேரு மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கிட்டோம்னு நம்பிறாதீங்க.

கிக்கர்_பாய்:
மூட்டையோட சேத்து பாத்தா ராலி கிட் (உசரமான சஸ்பென்ஷன் செட்) போட்ட எக்ஸ்பல்ஸ் கிடைச்சா நல்லது. பின்னாடி 220 டிராவல், செட்டிங்கும் நிறைய. உயரம்தான் எகிறும், 5.10க்கு சமாளிக்கலாம். அதுலயும் உக்காந்து அளக்காம எடுக்காதீங்க.

எஸ்டேட்_சின்னவன்:
பாத்தேன். இஞ்சின் நல்லா இருந்துச்சு, புகையில்ல. அளந்தோம், ஃபுல்லா முடுக்கியும் 72 மிமீ. ஃபுட்ரெஸ்ட்ல வெல்டிங் வேற. ஸ்பிரிங்குக்கு கழிச்சுக் கேட்டேன், ஓனர் சிரிச்சாரு, வந்துட்டேன். வத்தலக்குண்டுல ஒரு 411 இருக்காம், ஞாயித்துக்கிழமை பாக்கணும்

411_வெறியன்:
😎

கிக்கர்_பாய்:
எந்த வருசம்? ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா சக்கரம் லாக் ஆகாம பாக்குறது) ஆஃப் பண்ற மாடலா?

ஆர்எக்ஸ்_ராசா:
அது இருக்கட்டும், நேத்து அந்த எக்ஸ்பல்ஸ் கார்ப்பா எஃப்ஐயா, சொல்லவே இல்லியே