செலியாக் உள்ளவர்களுக்குக் கெண்டைக்கால் பிடிப்பு: என்னென்ன பரிசோதனை செய்தீர்கள்?

வணக்கம். என் தங்கைக்குச் செலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) என்று போன வருடம் உறுதியானது. சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாம் நிறுத்தியாச்சு. கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம்கூட வீட்டில் இல்லை. வயிறு நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்து, வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இந்த நோயில் சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்படுவதால் இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12, ஃபோலேட், மெக்னீசியம் எல்லாமே குறையலாம். உணவை மாற்றிய பிறகும் பெரியவர்களுக்குக் குடல் ஆற வருடக்கணக்கில்கூட ஆகலாம் என்று மருத்துவர் சொன்னார். வைட்டமின் டி குறைவு என்று தெரிந்து மாத்திரை எடுக்கிறாள். மெக்னீசியம் அளவு சரியாகத்தான் வந்தது. ஆனால் உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் இருக்கும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பலாமா என்று சந்தேகமாக இருக்கிறது.

இதே தொல்லை உங்களில் யாருக்காவது இருந்ததா? எந்தக் குறைபாடு காரணமாக இருந்தது, சரியாக எவ்வளவு நாள் ஆனது? தைராய்டும் பார்க்கச் சொன்னார்களா? செலியாக்கோடு அதுவும் சேர்ந்து வருவது உண்டு. அப்புறம், வாங்கும் மாத்திரையில் கோதுமை ஸ்டார்ச் இல்லை என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள்?

கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்கிறோம். மருத்துவரைக் கேட்காமல் புது மாத்திரை எதுவும் தரமாட்டோம். அடுத்த முறை போகும்போது அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.