நெஞ்சுப் பிடிப்புக்குக் குக்குலு கொடுக்கலாமா?

சாரல்:
அம்மாவுக்கு 61 வயது. நாலைந்து நாளாக நெஞ்சைப் பிடிக்கிறது என்கிறார். மாடிப்படி ஏறினால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. பிரஷருக்கு ப்ராப்ரனலால் மாத்திரை எடுக்கிறார். குக்குலு கொழுப்பைக் கரைக்கும், சாயந்தரம் சாம்பிராணிப் புகையும் போடு என்கிறார் மாமா. செய்யலாமா?

வேம்படி:
தாராளமாகக் கொடுங்கள் தம்பி. இந்த மரப்பிசினை மருந்தாக்கியது நம் ஆட்கள்தான். உடலில் கொழுப்பு சேர்வதற்குக் குக்குலு தரச் சொல்லியிருக்கிறது சுஸ்ருத சம்ஹிதை. அதை வைத்து 1966இல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கியது. 1980களிலேயே இந்தியாவில் மருந்தாக விற்பனைக்கும் வந்துவிட்டது.

ஆற்றங்கரை:
சாரல், படி ஏறினால் கூடி, உட்கார்ந்தால் குறையும் பிடிப்பு என்றால் முதலில் ஈசிஜி. வேறு பேச்சே வேண்டாம்.
வேம்படி அண்ணா, முயலோடு நிறுத்திவிட்டீர்களே. 2003இல் அமெரிக்காவில் 103 பேருக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அதைவிட முக்கியம், ப்ராப்ரனலால் ரத்தத்தில் சேரும் அளவைக் குக்குலு குறைக்கிறது. அந்த அம்மா எடுப்பது அதே மாத்திரை!

வேம்படி:
அங்கே கொடுத்தது தொழிற்சாலையில் பிரித்தெடுத்த சாறு. நம் வைத்தியர்கள் திரிபலா கஷாயத்தில் வேகவைத்துச் சுத்தி செய்துதான் கொடுப்பார்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்? பிசின் என்றாலே ஆகாது என்றால், உங்கள் ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க டிஞ்சர் பென்சாயின் எதற்கு? அதுவும் சாம்பிராணிதானே?

மல்லிகைப்பந்தல்:
நான் காது மூக்கு தொண்டை வார்டில் நர்ஸ். ஆமாம், சாம்பிராணிதான். வெந்நீரில் சில சொட்டு விட்டதும் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், வனிலா வாசனை வரும். பாத்திரத்து விளிம்பில் பிசின் ஒட்டிக்கொண்டால் தேய்த்து எடுப்பதற்குள் கை கடுத்துவிடும். தொண்டை கட்டினால், மூக்கடைத்தால் இதமாக இருக்கும். அதில் பெரும்பங்கு ஆவிக்குத்தான். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு அதைக் கொடுத்து உட்காரவைக்க மாட்டோம்.
புகை வேறு விஷயம். கரித்தூளில் வாசனை சேர்த்த கம்ப்யூட்டர் சாம்பிராணியை மூடிய அறையில் கொளுத்தினால் வீசிங் இருப்பவருக்கு இன்னும் இழுக்கும்.

வேம்படி:
குந்திரிக்கப் பிசினை மறந்துவிட்டீர்களே அம்மா. 1998இல் வந்த ஆய்வில் ஆஸ்துமாக்காரர்கள் 40 பேருக்கு 300 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, ஆறு வாரம் கொடுத்தார்கள். 70 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம்தான்.

ஆற்றங்கரை:
நல்ல ஆய்வுதான், சின்னது. ஆனால் அது மூச்சுக்குழாய் வீக்கத்துக்கு, அதுவும் உள்ளுக்குச் சாப்பிட்டது. சாரல் கேட்பது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சளிக்கு உதவுகிறது என்று அதை இதயத்துக்கும் நீட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். இன்னொன்று: ராஜஸ்தான், குஜராத் வறண்ட காடுகளில் வளரும் குக்குலு மரம் அழியும் விளிம்பில் இருக்கிறது. பிசினுக்காகக் கண்டபடி கீறியே பல மரங்கள் பட்டுப்போயின. தட்டுப்பாடான சரக்கில் கலப்படமும் நடக்கும்.

வேம்படி:
மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஈசிஜி எடுக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எடுக்கட்டும். ஆனால் சுத்தி செய்த குக்குலுவை ஒழுங்காகச் சோதிக்காமலே தள்ளிவைப்பதை ஏற்க மாட்டேன்.

சாரல்:
நாளைக்குக் காலையில் கூட்டிப்போகிறேன். இப்போது இடது தோளிலும் வலிக்கிறது என்கிறார்.

மல்லிகைப்பந்தல்:
காலை வரைக்கும் வைக்காதீங்க தம்பி. உடனே 108ஐக் கூப்பிடுங்க. அம்மாவை நடக்கவிடாம உட்காரவைங்க. அவங்க எடுக்கிற மாத்திரை அட்டைகளையும் மறக்காம எடுத்துக்கோங்க.

வேம்படி:
உடனே போங்கள் தம்பி. மாமா ஏற்கெனவே குக்குலு கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.