ஈரத் தரையில் வைத்த ஏணி

2013ஆம் ஆண்டு, இலங்கையில் போருக்குப் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா வீதம் வழங்கப்பட்டு, வடக்கே வன்னியெங்கும் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வேலை முன்னேறுவதற்கேற்பவே பணம் விடப்பட்டதால், வீட்டுக்காரருக்கும் அவசரம், கட்டட வேலை செய்த எங்களுக்கும் அவசரம். பரந்தனுக்கு அருகே ஒரு வீட்டில் கூரை வேலை முடிந்து, தரைக்கும் சீமெந்து இழுத்து, அது இறுகுவதற்காகத் தண்ணீர் ஊற்றி விட்டிருந்தோம். முகட்டுக்குக் கீழே உட்சுவரில் பூச்சு விடுபட்ட ஒரு துண்டு மட்டுமே மிச்சமாயிருந்தது.

சுவரோரமாகச் சீமெந்துப் பைகள் அடுக்கியிருந்தபடியால், மூங்கில் ஏணியின் காலை அவற்றுக்கு வெளியே, சுவரிலிருந்து ஏறக்குறைய ஆறு அடி தள்ளி வைத்தோம். ஏணி சாய்ந்த உயரமோ 12 அடி. என்னைவிட மூத்தவரான மேசன் அண்ணை முதற்படியில் ஏறி நின்று, இரண்டு தரம் உன்னிப் பார்த்துவிட்டு, "அசையேல்லைத் தம்பி, நீ பிடி" என்றார். நான் பிடித்தேன். சாந்துச் சட்டியோடு அவர் மேற்படிகளை எட்டியபோது, ஏணியின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வழுக்கின. ஈரத்தில் என் செருப்பும் சேர்ந்தே வழுக்கியதால், பிடித்த பிடியால் எந்தப் பயனும் இருக்கவில்லை. அவருக்குக் குதிகால் எலும்பு உடைந்தது. முதுகிலும் நோவென்று சொன்னதால், அவரைத் தூக்கி நிமிர்த்தாமல், பூட்டுவதற்கு வைத்திருந்த கதவுப் பலகையில் கிடத்தியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.

அந்த "அசையேல்லை" என்ற சொல்லைப் பற்றித்தான் நான் இதை எழுதுகிறேன். கீழ்ப்படியில் ஒருவர் நிற்கும்போது அவருடைய பாரம் ஏணியின் காலை நிலத்தில் அழுத்துகிறதே தவிர, அதை வெளியே தள்ளுவது மிகக் குறைவு. அவர் மேலே ஏற ஏற, ஏணி சுவரில் சாயும் விசை கூடி, அதே அளவுக்குக் காலையும் வெளியே தள்ளுகிறது. ஆகவே முதற்படியில் செய்யும் சோதனை, கடைசிப் படியில் நடக்கப்போவதைக் காட்டாது. நாங்கள் பரம்பரையாகச் செய்துவரும் சோதனை அதுவாகவே இருப்பது எனக்கு இன்றும் பெரும் கவலை.

இப்போது நான், ஏணி சாயும் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குத்தான் காலைத் தள்ளி வைப்பேன்: 12 அடிக்கு மூன்று அடி. அதற்கு இடமில்லாவிட்டால் முதலில் பைகளைத் தூக்கி அப்புறப்படுத்துவேன், எத்தனை பையானாலும். கூரையில் இறங்க வேண்டிய வேலையென்றால் ஏணி கூரை விளிம்புக்கு மேல் மூன்று அடி நீண்டிருக்க வேண்டும், இல்லையேல் இறங்கும்போது கைக்குப் பிடி இராது. முதலில் ஏறுபவர் வெறுங்கையோடு ஏறி, ஏணித் தலையைக் கூரையின் வளைமரத்தோடு கயிற்றால் கட்டிய பின்புதான் சாந்து மேலே போகும். அதுவும் வாளியில், கயிற்றில். முருங்கன் பக்கத்துக் கருங்களிமண்ணில் மாரி காலத்தில் வேலை செய்தபோது, ஒரு கால் மட்டும் புதைந்து ஏணி சரிவதைக் கண்டபின், இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே பலகை போட்டு, அது நகராமல் முளையும் அடிக்கிறோம்.

மர ஏணிக்கு நிறப்பூச்சு அடிக்க நான் விடுவதில்லை, வெடிப்பு மறைந்துவிடும். நிலத்தில் கிடத்தி வைத்தால் எங்கள் ஊரில் கறையான் விடாது. அலுமினிய ஏணி பாரமில்லைத்தான், ஆனால் மின்கம்பி போகும் வளவுக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

அந்த அண்ணை பின்னர் வேலைக்குத் திரும்பினார், ஆனால் ஏறுவதில்லை. கீழே நின்று, மேலே கட்டிய முடிச்சைத் தம் கண்ணால் பார்க்கும்வரை சாந்து வாளியைக் கயிற்றில் கொழுவ மாட்டார்.