சிக்னலில் நின்றால் மட்டும் இன்ஜின் சூடேறுகிறது: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

கேள்வி: தாம்பரம்வாசி

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய 4 சிலிண்டர் பெட்ரோல் கார். ஜிஎஸ்டி சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கிறது. பெருங்களத்தூர் நெரிசலில் ஏசியைப் போட்டபடி சிறிது நேரம் நின்றால் மெல்ல மேலேறிச் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் தானே இறங்கிவிடுகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தேன், ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது. கூலன்ட்டும் குறையவில்லை. ஒரு மெக்கானிக், சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும், ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவில் இறங்கும் முன் நானே எவற்றைச் சோதிக்கலாம்?

பதில்: ஸ்பேனர்

நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் வெளியேற்றும் வெப்பம் ஐட்லிங்கில் வெளியேற்றுவதைப் போலப் பல மடங்கு. அத்தனை வெப்பத்தையும் ரேடியேட்டர் சமாளிக்கிறது என்றால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கவோ ரேடியேட்டர் உள்ளே பெருமளவு அடைத்திருக்கவோ வாய்ப்பு குறைவு. வண்டி ஓடும்போது கிடைத்து, நின்றதும் கிடைக்காமல் போவது எதிர்க்காற்று ஒன்றுதான். அந்தக் காற்றை ஈடுகட்ட வேண்டியது ஃபேன். ஆகவே ஹெட்டைத் தொடுவதற்கு முன் ஃபேனைப் பாருங்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும் போதாது. தேவையான வேகத்தில் சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுவதும் போட்டு, முன் கிரில்லில் ஒரு செய்தித்தாள் துண்டை வையுங்கள். நன்றாக இழுக்கும் ஃபேனாக இருந்தால் காகிதம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரோடு ஒட்டி நிற்கும். தொய்ந்து விழுந்தால் காற்று போதவில்லை. காகிதம் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டால், யாரோ மோட்டார் மாற்றியபோது வயரை மாற்றி இணைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி: நெரிசலில் நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சியும் குறைகிறதா? கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே காற்றுதான். இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் குற்றவாளி காற்றோட்டம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

பதில்: கோவை டீசல்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் தண்ணீர் ஓட்டத்தை அதற்குள் ஒதுக்கிவிட வேண்டாம். ஐட்லிங்கில் வாட்டர் பம்ப் மெதுவாகத்தான் சுற்றும். அதனுள் தண்ணீரைத் தள்ளும் இறக்கை (இம்பெல்லர்) அரித்திருந்தாலோ பெல்ட் நழுவினாலோ முதலில் தெரிவது நிற்கும்போதுதான். பிரித்தறிய எளிய வழி உண்டு. முள் ஏறத் தொடங்கியதும், வண்டியை நகர்த்தாமல், நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை 2000 ஆர்பிஎம் அளவில் சற்று நேரம் பிடியுங்கள். சூடு இறங்கினால் பம்பையும் ஏர் லாக்கையும் (தண்ணீர் வழியில் சிக்கிய காற்று) சந்தேகியுங்கள். இறங்காமல் மேலும் ஏறினால் சந்தேகம் காற்றோட்டத்தின் மேல்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று சொல்லும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் பைபாஸ் வழி மூடாமல் போவதால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரே குறைந்து, சூடு இன்னும் கூடும்.

ஹெட் கேஸ்கெட் பயத்தையும் ஹெட்டை இறக்காமலே தீர்த்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிக்கும் கருவி பல பட்டறைகளில் உண்டு. இன்ஜினுக்குள் எரிந்த புகை கூலன்ட்டில் கசிந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீரின் கொதிநிலையை 120 டிகிரி அளவுக்கு உயர்த்துவது அந்த மூடிதான். இன்ஜின் சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் அதைத் திறக்காதீர்கள்.

தாம்பரம்வாசி

இருவருக்கும் நன்றி. நிற்கும்போது ஏசி குளிர்ச்சி குறைவது உண்மை. வெயில் என்று நினைத்து விட்டுவிட்டேன். காகிதம் கிரில்லில் ஒட்டவில்லை, சரிந்து விழுந்தது. 2000 ஆர்பிஎம்மில் பிடித்தபோது முள் இறங்கவில்லை. நீலத் திரவச் சோதனையில் நிறம் மாறவில்லை.

பிறகு மல்ட்டிமீட்டரை எடுத்தேன். என் ஃபேனுக்கு ஒரே வேகம்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, ஃபேன் ஓடும் நிலையில் அதன் பிளக்கில் 10.2 வோல்ட்தான் வருகிறது. பிளக்கைக் கழற்றினால், வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பேறி உருகியிருக்கிறது. அந்தப் பின்னும் கறுத்துத் தளர்ந்துவிட்டது. பிளக்கை மாற்றினால் முடிந்ததா?

பதில்: ஸ்பேனர்

பேட்டரிக்கும் பிளக்குக்கும் இடையே அரை வோல்ட் குறையலாம்; 3.6 வோல்ட் குறைவது மிக அதிகம். இரட்டை வேக ஃபேனாக இருந்தால் குறைந்த வேகத்தில் ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜ் குறைவது இயல்பு, உங்களுடையதில் அந்தக் குழப்பம் இல்லை. பிளக்கை மாற்றுங்கள், அதே தடிமன் வயரில், நன்கு கிரிம்ப் செய்து (முனையை அழுத்தி இறுக்கி). வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை இங்கே உதவாது. பாடியில் இணையும் எர்த் முனையைச் சுரண்டித் துருவை நீக்குங்கள். ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே உட்காரும் பேஸிலும் இதே கருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் பிளக் ஏன் உருகியது என்பதையும் கேட்க வேண்டும். அந்தப் பின் தளர்ந்திருந்தாலே போதும், உருகிவிடும். மோட்டாரின் புஷ் தேய்ந்து, அது கூடுதல் கரண்ட் இழுத்தாலும் உருகும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேன் வயரில் மாட்டிப் பாருங்கள். தொடர்ந்து ஓடும்போதே ஃப்யூஸ் மதிப்பை நெருங்கும் அளவுக்குக் கரண்ட் காட்டினால் மோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் புதுப் பிளக்கும் விரைவில் பழுப்பேறும். ஃப்யூஸ் எரிகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிடாதீர்கள். பிறகு எரியப்போவது வயர்தான்.

பதில்: கோவை டீசல்

ஃபேனைக் கழற்றும்போதே கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரிந்தாலும், அந்த இடுக்கில் புழுதியும் பூச்சியும் சேர்ந்து மெத்தைபோல் படிந்திருக்கும். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடித்தால் போதும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், அது இல்லாத ஃபேன் தன் இறக்கை அளவுக்குத்தான் காற்றை இழுக்கும். வேலை முடியும் வரை நெரிசலில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள்; இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். வியர்க்கும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். சிவப்பைத் தொட்டுவிட்டால் மட்டும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.