மிட்டோமாவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

துண்டு வீடியோவில் ஜப்பான் கால்பந்து வீரர் கவோரு மிட்டோமாவைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. மைதானத்தில் பார்த்தவர்கள், அவர் ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் பிரைட்டனில் படிக்கிறேன். ஃபால்மர் ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் எங்கள் பல்கலைக்கழகம், மறுபக்கம் பிரைட்டன் கால்பந்து அணியின் அமெக்ஸ் மைதானம். மேட்ச் நாளில் மிட்டோமாவின் 22-ஆம் எண் சட்டையோடு ஜப்பானியக் குடும்பங்கள் வந்து இறங்கும். 2025 பிப்ரவரி 14, செல்சியுடன் ஆட்டம். எங்கள் கோல்கீப்பர் வெர்ப்ருகன் ஓங்கி உதைத்த பந்து, ஓடிக்கொண்டிருந்த மிட்டோமாவின் தலைக்குப் பின்னாலிருந்து இறங்கியது. வலது காலால் ஒரே தொடல், பந்து அடங்கிவிட்டது. தடுக்க வந்தவரை உள்பக்கம் வெட்டி விலக்கி, தூரத்து மூலையில் கோல் போட்டார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் கத்தவே இல்லை, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். 3-0 என்று ஜெயித்தோம். ராத்திரி முழுக்க எந்தப் பக்கம் போனாலும் அந்த கோல்தான். ஆனால் பந்து எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பது செல்போன் திரையில் உறைக்காது.

*

அண்ணா, நான் ஜப்பானின் கவாசாகியில் ஐடி வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன கோல் விழுந்தபோது இங்கே சனிக்கிழமை விடியற்காலை. கண் விழித்துப் பார்த்தால் ஆபீஸ் குரூப் முழுக்க அதே வீடியோ!

இந்த ஊர் ஃப்ரொன்டாலே கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தவர் மிட்டோமா. பெரிய அணிக்குக் கூப்பிட்டபோது, இன்னும் தயாராகவில்லை என்று ட்சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விட்டார். பந்தைக் காலோடு ஓட்டிக்கொண்டு போகும் டிரிப்ளிங் பற்றித்தான் பட்ட ஆய்வு. சக வீரர்களின் தலையில் கேமரா கட்டி, ஆடும்போது அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறார். திரும்பி வந்து 2020-இல், முதல் சீசனிலேயே லீக்கில் 13 கோல். இந்த ஆய்வுக் கதையை எனக்குச் சொன்னது, கால்பந்தே பார்க்காத, என் ஆபீஸ் சீனியரான ஒரு அம்மா. படிக்கும் மகனுக்குக் காட்டுவதற்காக அந்தச் செய்தியைச் சேமித்து வைத்திருக்கிறார்.

*

நான் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 உலகக் கோப்பையில் ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டம், நமக்கு டிசம்பர் 2 நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கியது. மிட்டோமா எல்லைக் கோட்டில் பாய்ந்து உள்ளே திருப்பிய பந்து கோலானது. ஹாஸ்டல் டிவி முன்னால் இருந்த அத்தனை பேரும் அதற்கு முன்பே பந்து வெளியே போய்விட்டது என்று அடித்துச் சொன்னோம். வீடியோ பார்த்து முடிவு சொல்லும் விஏஆர், கோல் என்றது. அப்புறம் மேலிருந்து எடுத்த அந்தப் படம் வந்தது. பந்தின் விளிம்பு கோட்டுக்கு மேல் ஒரு மயிரிழை நின்றது. ஜப்பான் 2-1 என்று ஜெயிக்க, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வெளியேறியது.

அந்தப் படத்துக்காக மட்டும் அவரைத் தெரிந்து வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். போய்விட்டது என்று எல்லோரும் விட்டுவிடும் பந்துக்குக் காலை நீட்டிப் பாய்ந்தாரே, அதைப் பாருங்கள். அதை கோலாக்கிய ஆவோ தனாகா, சிறுவயதில் சகினுமா அணியில் அவரோடு ஆடியவர்.

*

தம்பி, சரியாகச் சொன்னீர்கள். அன்றைக்கு தோஹாவின் கலீஃபா மைதானத்தில் இருந்த கத்தார் தமிழர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று கேட்க ஆசை.